கருந்தேவதை நாவலுக்கு ஒரு நிமிட முன்னோட்டம்: இரவுக் காட்டை எப்படி எடுப்பது?

வாசுகி, பாலிக் புலாவ், மலேசியா
மாமாவின் டுரியான் தோட்டத்தில் எடுக்கிறோம். ஒரு கேமரா, இரண்டு சின்ன எல்இடி, கையில் 600 வெள்ளி. இரவு 9 மணிக்குச் சோதித்ததில் நடிகையின் முகம் வெளிறிவிட்டது, பின்னால் ஒரே கறுப்பு, மரமே இல்லை. அவள் மாட்டும் தேவதை இறக்கை பிளாஸ்டிக் பை மாதிரி இருக்கிறது. எங்கே கோளாறு?

நிழல்வண்ணன்
விளக்கு கேமரா பக்கத்தில் இருந்திருக்கும். அந்த ஒளி மரம்வரை போகாது. அகலக் காட்சிகளைச் சூரியன் இறங்கியதும் எடுங்கள். வானத்தில் நீலம் நிற்பது சுமார் 20 நிமிடம்தான், ஒத்திகையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நெருக்கக் காட்சிகளைப் பகலிலேயே எடுக்கலாம்: பகல் நீலமாகத் தெரிய ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 3200 கெல்வின், எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் ஒளி) இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது கால் பங்கு, வெயில் நடிகையின் முதுகுக்குப் பின்னால். வானம் ஒரு துண்டு தெரிந்தாலும் இரவு கலைந்துவிடும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 1/60 வைத்தால் கொட்டகை விளக்கு துடிக்கும்.

பழம் விழும் பருவமென்றால் மரத்தடியில் யாரையும் நிறுத்தாதீர்கள்.

தையல்மணி
இறக்கைக்கு முன்னொளி ஆகவே ஆகாது, பசையும் சுருக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். பின்னால், தோளுக்குச் சற்று மேலே ஒரு விளக்கு வையுங்கள். நரம்புகள் கறுத்து நிற்க, தாள் மட்டும் ஒளிரும். 2 மி.மீ. கம்பி, இருபுறமும் கண்ணாடித் தாள், நடுவே ஸ்ப்ரே பசை. ஓரத்தில் அரை செ.மீ. விட்டு வெட்டுங்கள், கம்பியை ஒட்டி வெட்டினால் இந்தப் புழுக்கத்தில் பிரிந்து தொங்கும். கருந்தேவதை என்று கறுப்புத் தாள் வாங்க வேண்டாம், ஒளி ஊடுருவாது. தேன் நிறத் தாளில் நடுவே இரண்டு மூன்று ஓட்டை கிழித்தாலே பூச்சி அரித்த இறக்கைதான். அந்தத் தாள் சலசலக்கும், அதனால் ஒலியைத் தனியே பதியுங்கள்.

வாசுகி
நன்றி அக்கா. தரையோடு படரும் மூட்டத்துக்கு உலர்பனி (உறைந்த கரியமில வாயு) போதுமா?

நிழல்வண்ணன்
போதும், காற்றில்லாத பள்ளம் கிடைத்தால். வாளியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி அரைக் கிலோவாகப் போடுங்கள்; மொத்தமாகக் கொட்டினால் நீர் ஆறிப் புகை நின்றுவிடும். அது மைனஸ் 78 டிகிரி, தடித்த கையுறை கட்டாயம். காரில் ஏற்றினால் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். நடிகையை அந்த மூட்டத்துக்குள் படுக்க வைக்கவே கூடாது: கரியமில வாயு பள்ளத்தில்தான் தேங்கும், மூச்சடைத்துவிடும்.

ஏர்கான் காரிலிருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸ் வியர்க்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்.

தொகுப்பறை
யூடியூப் இருண்ட பகுதிகளைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். மெல்லிய கிரெயின் (புள்ளி புள்ளியான சொரசொரப்பு) சேர்த்து 4கே அளவில் ஏற்றுங்கள். திரையில் எழுத்து வரும் இடத்தில், வாய்விட்டு இரண்டு முறை படித்து முடியும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.