மோஷன் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சு, ஆனா ராத்திரி அரிப்பு நிக்கல

திருமங்கலத்து அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எம் பொண்ணுக்கு 5 வயசு, யூ.கே.ஜி. படிக்கிறா. மூணு வாரமா ராத்திரி தூங்கி ஒரு மணி நேரத்துல ‘பின்னாடி அரிக்குதும்மா’ன்னு எந்திரிச்சு அழுகுறா. பகல்ல ஒண்ணுமே இல்ல, நல்லா ஓடியாடுறா. எங்க அத்தை ‘நாக்குப்பூச்சியாத்தான் இருக்கும், வேப்பங்கொழுந்த அரைச்சுக் குடு’ன்றாங்க. டாக்டர் மோஷன் டெஸ்ட்டும் ரத்த டெஸ்ட்டும் எழுதிக் குடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் அவ போனத ஒரு டப்பாவுல எடுத்து வச்சு, மறுநாள் 11 மணிக்குத்தான் கொண்டுபோக முடிஞ்சது. ‘முட்டை இல்லை, சிஸ்ட் இல்லை’ன்னு ரிப்போர்ட், சிஸ்ட்ன்னா கிருமி அடங்கியிருக்குற கூடாம். ரத்தத்துல ஈசினோபில்ங்கற வெள்ளணு 3 சதவீதம், நார்மலாம். ஆகஸ்ட்டுல பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரையும் குடுத்தாங்க. அப்பறம் எதுக்கு அரிக்குது? மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் பெரிய லேப்ல திரும்பப் பாக்கவா?

வாடிப்பட்டிக்காரன்:
லேப் சரியில்லைங்க. நாங்க டெஸ்ட்டெல்லாம் பாக்குறதே இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை ஒண்ணு, முடிஞ்சது. ஆனா எம் பையனுக்கும் ஒரு மாசமா வயிறு சரியில்ல. வெளிக்குப் போனா வெளுப்பா, எண்ணெய் மாதிரி, வீச்சம் தாங்கல. ஒரு இடத்துல பாத்ததுல அமீபான்னு எழுதிக் குடுத்தாங்க. மருந்து குடுத்தும் நிக்கல.

மேலூர் லேப் அக்கா:
தங்கச்சி, 22 வருசமா மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்திருக்கேன். உங்க லேப்காரங்க பாத்தது சரியாவே இருக்கலாம். பாக்க வேண்டிய எடம் வேற.

நீங்க சொல்ற அரிப்பு கீரிப்பூச்சி மாதிரி இருக்கு. நாக்குப்பூச்சி வேற, இது வேற. நாக்குப்பூச்சியில பொம்பளப் புழு ஒண்ணு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரைக்கும் குடலுக்குள்ளயே போடும், அதனால மலத்துல தெரிஞ்சுரும். கீரிப்பூச்சி அப்படியில்ல. பிள்ளை தூங்குனதும் பொம்பளப் புழு ஆசனவாய்க்கு வெளிய வந்து தோல்ல முட்டையிடும். அதான் ராத்திரி அரிப்பு. மலத்துல தேடுனா 100 பேருக்கு 5லருந்து 15 பேருக்குத்தான் முட்டை கிடைக்கும். சில பூச்சிக்கு ஏறுற ஈசினோபிலும் இதுல பெரும்பாலும் ஏறாது. ரிப்போர்ட் நார்மல்னு நம்பி விட்டுராதீங்க.

இதுக்கு இருக்குறது டேப் டெஸ்ட். 1941லயே கிரஹாம்ங்கறவர் எழுதி வச்ச முறை. காலையில பிள்ளை எந்திரிச்ச ஒடனே, வெளிக்குப் போகுறதுக்கு முன்னாடி, கழுவுறதுக்கு முன்னாடி எடுக்கணும். கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்குற செல்லோடேப்தான் வேணும், பால் நிறத்துல மங்கலா இருக்குறது ஆகாது, அடியில ஒண்ணும் தெரியாது. ஒரு கரண்டிக் காம்புல டேப்ப ஒட்டுற பக்கம் வெளிய இருக்குற மாதிரி சுத்திக்கோங்க. ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிச்சு, சுத்தியுள்ள மடிப்புல நல்லா அமுக்கி அமுக்கி எடுங்க. அந்த டேப்ப ஸ்லைடு மேல சுருக்கமில்லாம ஒட்டிருங்க. ஸ்லைடு லேப்லயே கேட்டா குடுப்பாங்க. கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அந்த டேப்ல இருக்குற முட்டை உங்களுக்கும் தொத்தும்.

மூணு நாள் வரிசையா எடுக்கணும். ஒரு நாள் எடுத்தா பாதிப் பேருக்குத்தான் தெரியும், மூணு நாள் எடுத்தா 10ல 9 பேருக்குத் தெரிஞ்சுரும்.

டேப்புக்கு அடியில தெளிவாத் தெரியறதுக்கு டொலுவின்ங்கற திரவம் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தக் கொறச்சுப் பாப்பேன். காத்துக் குமிழி, பஞ்சு நூலு, பவுடர் துகளுக்கு நடுவுல அந்த முட்டை நிறமே இல்லாம கிடக்கும். ஒரு பக்கம் தட்டையா, இன்னொரு பக்கம் உப்பலா, நீளவாக்குல அறுத்த இட்லி மாதிரி. உள்ள புழுக்குஞ்சு சுருண்டு படுத்திருக்கும். சில சமயம் அசையுறதுகூடத் தெரியும். டேப் எடுக்குறதுக்கு முன்னாடி பவுடர் போட்டுராதீங்க, ரொம்பக் கஷ்டமாப் போயிரும்.

மாத்திரை சாப்பிட்டும் ஏன்னு கேட்டீங்க. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10னு நாள் வச்சு 1லருந்து 19 வயசு வரைக்கும் குடுக்குறாங்க, 2015லருந்து நடக்குது, நல்ல காரியம். ஆனா கீரிப்பூச்சி முட்டைய அந்த மாத்திரை கொல்லாது. போர்வையில, நகத்துல முட்டை ரெண்டு மூணு வாரம்கூட உசுரோட கெடக்கும். சொறிஞ்ச கை வாய்க்குப் போனா திரும்பவும் ஆரம்பம்.

வாடிப்பட்டித் தம்பி, டெஸ்ட் வேண்டாம்னு சொல்லாதீங்க. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு எடத்துல நாளைக்கு 60 சாம்பிள் வரும், பாதி தீப்பெட்டியில. 7 வயசுப் பையன், செங்கல் சூளையில வேலை பாக்குறவங்க பிள்ளை, மொகம் வெளுத்துக் கெடந்துச்சு. ஒரே ஒரு ஸ்லைடு போட்டு ‘இல்லை’ன்னு எழுதுனேன். ஒரு ஸ்லைடுல பாக்குறது ரெண்டு மில்லிகிராம் மலந்தான். ஒரு மாசங்கழிச்சு ஹீமோகுளோபின் 6ஓட வந்தான். அன்னைக்குத்தான் உப்புக் கரைசல்ல போட்டேன். சின்ன பாட்டில்ல மலத்தக் கரைச்சு, கெட்டி உப்புத் தண்ணிய வாய் வரைக்கும் நிரப்பி, மேல ஸ்லைட வச்சு 20 நிமிசம் விட்டா முட்டையெல்லாம் மெதந்து வந்து ஒட்டிக்கும். ரத்தத்த உறிஞ்சுற கொக்கிப்புழுவோட முட்டை அத்தனை. அந்தப் பையனோட அம்மா மொகத்த இன்னும் மறக்கல. அதுலருந்து வெளுத்த பிள்ளை யாரு வந்தாலும் உப்புல போடாம ‘இல்லை’ன்னு எழுதுறதில்ல.

உங்க பையனுக்கு வெளுப்பா, எண்ணெய்ப் பசையா, வீச்சமா போகுதுன்னா ஜியார்டியாங்கற குடல் கிருமியான்னு பாக்கணும். அது ஒரு நாள் மலத்துல வரும், மறுநாள் வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாளா மூணு சாம்பிள் குடுங்க. தண்ணியாப் போனா அரை மணி நேரத்துக்குள்ள லேப்புக்கு வரணும், உசுரோட நீந்துறது செத்துப்போனா அடையாளம் தெரியாது. மூத்திரமோ தண்ணியோ கலக்கக் கூடாது. அமீபான்னு எழுதிக் குடுத்தத டாக்டர்கிட்டத் திரும்பக் கேளுங்க. நோவு குடுக்குற அமீபாவோட சிஸ்ட்டும் ஒண்ணும் பண்ணாத அமீபாவோட சிஸ்ட்டும் மைக்ராஸ்கோப்ல ஒரே மாதிரி இருக்கும். செவப்பணுவ முழுங்கிக்கிட்டு நகர்ற அமீபாவக் கண்ணால பாத்தாத்தான் உறுதி. இல்லைன்னா மலத்துல அந்தக் கிருமியோட புரதத்தத் தேடுற ஆன்டிஜென் டெஸ்ட் எடுக்கணும்.

வாடிப்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றிக்கா. லேப்பக் குறை சொன்னது தப்புதான். நாளைக்கே டப்பா வாங்குறேன்.

திருமங்கலத்து அம்மா:
அக்கா, ரெண்டாவது நாள் டேப்லயே தெரிஞ்சுருச்சு. லேப்ல தம்பி என்னயும் கூப்ட்டுக் காட்டுனார். நீங்க சொன்ன மாதிரியே இட்லியப் பாதியா அறுத்த கணக்கா இருந்துச்சு. டாக்டர் வீட்டுல எல்லாருக்கும் மாத்திரை எழுதிருக்கார், அத்தைக்கும் சேத்து. அவங்கதான் பக்கத்துல படுக்குறாங்க.

மேலூர் லேப் அக்கா:
நல்லது தங்கச்சி. ரெண்டு வாரங்கழிச்சு ரெண்டாவது தடவ மாத்திரை எழுதிருக்காரான்னு சீட்டப் பாருங்க, இல்லைன்னா கேட்டு வாங்குங்க. மொத மாத்திரைக்குத் தப்புன முட்டையெல்லாம் அதுக்குள்ள புழுவாகிருக்கும். போர்வை, ஜட்டியெல்லாம் சுடுதண்ணியில போடுங்க, ஒதறாம சுருட்டி எடுங்க. அப்பறம் பாப்பாவுக்கு நகத்த இன்னைக்கே வெட்டி விட்டுருங்க.