மாடல் எண் அழிந்த ஆன்ஷூட்ஸ், கூடவே ஒரு பழைய பயிற்சி ரைபிள்: எந்த வகை என்று சொல்ல முடியுமா?

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன், இங்கே ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினர். சங்கத்தின் பழைய .22 ரைபிள்களுக்குப் புதுப் பதிவேடு எழுதுகிறோம், ஆயுதப் பொறுப்பாளருக்கு நான் உதவி. இரண்டு ரைபிள்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

முதலாவது ஆன்ஷூட்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் போட்டி ரைபிள், "மாட்ச் 54" என்ற எழுத்து தெளிவாக இருக்கிறது. ஆனால் யாரோ எப்போதோ இடப்பக்கத்தைத் தேய்த்து மறுபடி இரும்புக்குக் கருநீலப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள், அதனால் மாடல் எண்ணில் "14" மட்டும் தெரிகிறது, அதற்கு அடுத்த இரண்டு இலக்கமும் போய்விட்டன. கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் மரப் பகுதி) பெரியது, கட்டைவிரல் நுழைகிற ஓட்டை உண்டு, பின்னால் கொக்கித் தகடு. சங்கத்தில் எல்லோரும் 1413 சூப்பர் மாட்ச் என்கிறார்கள். குழலில் கழுகு, அதன் கீழே என், ஒரு மான்கொம்பு, பிறகு எச், சி என்று இரண்டு எழுத்துகள்.

இரண்டாவது, பார்த்தால் போர்க்கால மௌசர் ராணுவ ரைபிள் மாதிரியே இருக்கிறது, ஆனால் .22, ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடுவது. பி.எஸ்.டபிள்யூ. என்ற முத்திரை, ஒரு கிரீடம், அதன் கீழே என். இது மௌசர் செய்ததா?

பதில் 1

கட்டைவிரல் ஓட்டையும் கொக்கியும் இருந்தால் 1413தான், இதில் என்ன சந்தேகம்? எச், சி என்பது ஆண்டு. துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் உல்ம் நகரச் சோதனைச் சாலையில் ஏ என்றால் 0, பி என்றால் 1, அப்படியே போகும், நடுவில் ஜே கிடையாது, கே என்றால் 9. எச் 7, சி 2, ஆக 1972. மான்கொம்பு உல்மின் அடையாளம்.

பதில் 2

தம்பி, ஆண்டு சரி, மாடலை மட்டும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 1407, 1411, 1413 மூன்றுக்கும் உள்ளே இருப்பது அதே 54 இயக்கம்தான் (தோட்டாவைப் பூட்டிச் சுடும் இரும்புப் பொறி). இரண்டு திருகைக் கழற்றினால் கட்டையை மாற்றிவிடலாம், சங்கங்களில் நாற்பது ஐம்பது வருஷமாக அதைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஒரு பையன் படுத்துச் சுடப் போவான், இன்னொருத்தி நின்று சுடப் போவாள், இருக்கிற கட்டையை எடுத்து மாட்டிவிடுவார்கள். அதனால் மரத்தை நம்பாதீர்கள், இரும்பைப் பாருங்கள்.

குழலை அளந்தீர்களா? 1411ம் 1413ம் நீளக் குழல், ஏறக்குறைய 70 செ.மீ. 1407 குட்டை, 66 செ.மீ. ஏனென்றால் அது ஸ்டாண்டர்ட் ரைபிள் போட்டிக்காகச் செய்தது, அன்றைக்கு அந்தப் பிரிவின் எடை வரம்பு 5 கிலோ. 1413 ஃப்ரீ ரைபிள் பிரிவுக்கானது, அங்கே 8 கிலோ வரை போகலாம், அதனால் அதை 7 கிலோ கனத்தில் செய்தார்கள். உங்கள் கையில் இருப்பதை நிறுத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை, கட்டையின் எடையும் சேர்ந்து வந்துவிடும்.

அளக்கும் முறை: பொறுப்பாளரை வைத்துக்கொண்டு, தோட்டா அறை காலிதானா என்று கண்ணால் பார்த்து, போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பகுதி) மூடி, துடைப்புக் கம்பியைக் குழலின் வாய்ப்பக்கத்திலிருந்து மெதுவாக விட்டு, போல்ட் முகத்தில் முட்டியதும் வாய் விளிம்பில் நாடா ஒட்டுங்கள். குழலை வெளியே மட்டும் அளந்தால் தப்பாக வரும், அறைப் பகுதி உள்ளே மறைந்திருக்கிறது. யாராவது வாயை வெட்டிக் குறைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்: முன் குறியின் (குறிபார்க்கும் முன் முனையின்) தளத்துக்கும் வாய் விளிம்புக்கும் நடுவே உள்ள தூரம் விநோதமாகக் குறைந்திருந்தாலோ, விளிம்பில் நீலம் போய்ப் பளபளவென்று இருந்தாலோ சந்தேகப்படலாம்.

அழிந்த எண்ணுக்கு ஒரு வழி: அறை விளக்கை அணைத்து, டார்ச்சை உலோகத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். தேய்த்தவர்கள் பெரும்பாலும் பள்ளத்தின் அடிவரைக்கும் போவதில்லை.

பதில் 3

இரண்டாவது ரைபிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது மௌசர் செய்தது இல்லை. பி.எஸ்.டபிள்யூ. என்பது ஸூல் ஊரில் இருந்த தொழிற்சாலையின் பெயர்ச்சுருக்கம். அது சிம்ஸன் என்ற யூதக் குடும்பத்தின் சொத்து. 1935இல் நாஜி அரசு அதைப் பறித்துக்கொண்டது, குடும்பம் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. ஆலைக்குப் பெயர் மாறி பெர்லின்-ஸூல் ஆனது, பிறகு குஸ்ட்லோஃப் ஆனது. அந்த மூன்று எழுத்தைப் பதிவேட்டில் எழுதும்போது இந்த வரலாற்றையும் ஒரு வரியாவது எழுதுங்கள், நான் கெஞ்சிக் கேட்கிறேன். பேரலின் நீளத்தைவிட அது முக்கியம்.

கிரீடத்தின் கீழ் என் என்பது பழைய சோதனை முத்திரை, 1940இல் கழுகு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆக 1935க்குப் பின், 1940க்கு முன். இனி கேள்வி, இது டிஎஸ்எம் 34ஆ, கேகேடபிள்யூவா என்பதுதான், இரண்டும் அந்தக் கால .22 பயிற்சி ரைபிள் வகைகள். "டாய்ச்சஸ் ஷ்போர்ட்மொடெல்" (ஜெர்மன் விளையாட்டு மாடல்) என்று முழுதாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிஎஸ்எம். கேகேடபிள்யூ 1930களின் கடைசியில் வந்தது, ராணுவ ரைபிளுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும், முன்பக்கத்தில் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் முளை இருக்கும். கிரீடத்தோடு கழுகும் சேர்ந்து கிடந்தால் பின்னாளில் மறுபடி சோதனைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி, பொறுப்பாளரோடு உட்கார்ந்து பார்த்தோம். கம்பி அளவு 66 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்தது, வாயில் வெட்டிய தடம் இல்லை, முன் குறிக்கு முன்னால் இடம் தாராளமாக இருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் கடைசி இலக்கத்தின் கால் தெரிந்தது. சாய்ந்த ஒற்றைக் கோடு, கீழே வளைவே இல்லை. 3 என்றால் கீழே வயிறு இருக்கும், 1 என்றால் நேராக இறங்கும். 7தான் என்று இருவருக்கும் நிச்சயம்.

இன்னொன்றில் "டாய்ச்சஸ் ஷ்போர்ட்மொடெல்" முழுதாக இருக்கிறது, பக்கத்தில் "22 லாங் ஃபூர் பூக்ஸன்". பயனெட் முளை இல்லை.

பதில் 1

அப்போது 1407, கட்டை மட்டும் வேறு ஒன்றிலிருந்து வந்தது. பதிவேட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், "1407, 1972, சூப்பர் மாட்ச் கட்டையுடன்" என்று. அடுத்து வருகிறவர் இதே குழப்பத்தில் விழ மாட்டார்.

பதில் 2

தம்பி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மான்கொம்பை வைத்து ஆன்ஷூட்ஸ் என்று முடிவு பண்ணக்கூடாது. போருக்குப் பிறகு வால்தர் என்ற துப்பாக்கிக் கம்பெனியும் ஸெல்லா-மேலிஸ் ஊரிலிருந்து உல்முக்கே வந்தார்கள், அவர்கள் ரைபிளிலும் அதே கொம்பு இருக்கும். உங்கள் அலமாரியில் வேறு உல்ம் ரைபிள் இருந்தால் பெயரை முதலில் படியுங்கள்.

பதில் 3

டிஎஸ்எம் 34 என்றே எழுதலாம். அப்புறம், அதை எடுத்துச் சுட்டுப் பார்க்கும் ஆசை வந்தால் முதலில் ஆயுதத் தச்சரிடம் கொடுத்து அறையையும் போல்ட்டின் பூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். மேலே இருக்கும் பழைய நீலத்தைத் தொட வேண்டாம், எண்ணெயும் துணியும் போதும், உப்புத்தாளோ கம்பிப் பஞ்சோ பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பி.எஸ்.டபிள்யூ. முத்திரை ஆழமில்லாதது.

கேட்டவர்

சரி, அப்படியே செய்கிறோம். சிம்ஸன் பற்றிய வரியை எழுதிவிட்டோம். தச்சரிடம் அடுத்த வாரம் கொண்டுபோகிறோம், அறையின் நிலை என்ன என்று அவர் சொன்னதும் இங்கேயே எழுதுகிறேன்.