முதலில் 211, பிறகு ‘தமிழ்’

*சுதா:* எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். எங்கள் பேஸ்மென்டில் இருக்கிற அம்மாவுக்கு நேற்றிரவு மறுபடியும் மனநெருக்கடி வந்துவிட்டது. அவருடைய மகள் பயந்துபோய் மேலே ஓடிவந்தாள். இந்த முறை 911 அடிக்கவில்லை, 211க்கு எடுத்தோம்.

*ரவி மாமா:* 211 என்றால் வாடகை உதவி, உணவு வங்கி எல்லாம் விசாரிக்கிற நம்பர் அல்லவா?

*சுதா:* அதேதான் மாமா. 2022இலிருந்து ரொறன்ரோவில் மனநெருக்கடிக்கும் அந்த நம்பர்தான். முதலில் நகரின் 4 பகுதிகளில் மட்டும் இருந்தது. 2024இல் முழு நகரத்துக்கும் வந்துவிட்டது. பொலிசுக்குப் பதிலாக இதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். 16 வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும், இரவு பகல் எந்நேரமும். காசு இல்லை.

*வாணி அக்கா:* பொலிஸ் வராது என்பதே பெரிய நிம்மதி. போன மாசியில் வந்த பொலிஸ்காரர் இருவரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஆனால் சப்பாத்துச் சத்தம் கேட்டதுமே அந்த அம்மா குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். ஊரில் போர்க்காலத்தில் அவருடைய மகனைக் கூட்டிக்கொண்டு போனதும் சீருடைக்காரர்தான்.

*பெரியம்மா:* ஐயோ பாவம். இங்கிலிஷ் தெரியாத நாங்கள் அந்த நம்பரில் என்னத்தைக் கதைக்கிறது பிள்ளை?

*சுதா:* ‘தமிழ்’ என்று மட்டும் சொல்லுங்கள் பெரியம்மா. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அதே லைனில் சேர்ப்பார்கள். அவர் வரும்வரை சத்தம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதீர்கள்.

*நிரோ:* அக்கா, 988 என்றும் ஒன்று இருக்கிறதே?

*சுதா:* ஓம், தற்கொலை எண்ணம் வந்தால் எடுக்கிற நம்பர், 2023 நவம்பர் 30இலிருந்து கனடா முழுக்க இருக்கிறது. குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வீட்டில் வாய்திறந்து கதைக்க முடியாத உன் வயதுப் பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும்தான்.

*வாணி அக்கா:* மாசியில் பொலிசுக்கு அந்த அம்மாவின் மகள்தானே மொழிபெயர்த்தது. நான் பக்கத்தில் நின்றேன். அம்மா, “ஒரே யோசனையா இருக்கு, நெஞ்சு அடைக்குது” என்றார். கனக்க யோசிக்கிறார், நெஞ்சு அடைத்திருக்கிறது என்று பிள்ளை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். உடனே மாரடைப்போ என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் யோசனை என்று சொல்வது கவலையை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு அம்மா, “இனி இருந்தென்ன பிரயோசனம்” என்றார். அதைப் பிள்ளை சொல்லவே இல்லை. 17 வயது. பெற்ற தாய் சொன்ன அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

*பெரியம்மா:* 😢

*ரவி மாமா:* நேற்று எப்படி?

*சுதா:* இரண்டு பெண்கள் வந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் போனில். மகளை மேலே அனுப்பச் சொன்னார்கள். ஒன்றரை மணித்தியாலம் இருந்தார்கள் மாமா. அம்மா கடைசியில் தானே எழும்பித் தேத்தண்ணி போட்டார்.

*ரவி மாமா:* நல்லது. எங்கள் ஸ்காபரோப் பகுதிக்கு இந்தச் சேவையை யார் நடத்துகிறார்கள்?

*சுதா:* மல்வேர்னில் இருக்கிற தாய்பு சமூக சுகாதார நிலையம். கறுப்பின மக்களுக்காகத் தொடங்கியது. தாய்பு கிஸ்வாஹிலிச் சொல், நலமாக இரு என்று வாழ்த்துவது. நகரின் இன்னொரு பகுதியைப் பழங்குடி மக்களின் அமைப்பு ஒன்று பார்த்தது. தங்கள் ஆட்களின் கதை தெரிந்தவர்கள் போகிறார்கள். ஸ்காபரோவில் நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் போதாது, தமிழ் கதைக்கிற ஊழியரே வேண்டும் என்று நகரசபை உறுப்பினருக்கு எழுதப் போகிறேன். வாணி அக்கா, அந்த ‘யோசனை’ விஷயத்தையும் எழுதட்டா? பெயர் ஒன்றும் போட மாட்டேன்.

*வாணி அக்கா:* முதலில் மகளிடம் கேள். அவள் சரி என்றால் எழுது, நானும் கையெழுத்து வைக்கிறேன்.

*நிரோ:* அக்கா, எனக்குச் சமூகசேவைப் படிப்பு சித்திரையில் முடிகிறது. இந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

*சுதா:* கட்டாயம் விண்ணப்பி. நாளைக்கு வீட்டுக்கு வா, சேர்ந்து பார்ப்போம்.

*ரவி மாமா:* உயிருக்கு ஆபத்து என்றால்?

*சுதா:* அப்போது 911தான் மாமா, யோசிக்கவே வேண்டாம். மனநெருக்கடி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆபத்தில்லாத அழைப்புகளை அங்கிருந்தும் இந்தச் சேவைக்கு மாற்றிவிடுகிறார்கள்.

*பெரியம்மா:* பிள்ளை, பெரிய எழுத்தில் எழுதிப் படம் எடுத்துப் போடு. பிரிட்ஜில் ஒட்டவேணும். பக்கத்து வீட்டு அன்ரிக்கும் ஒன்று.