சாணி வண்டு ஒண்ணு: அடையாளம் காண உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். சென்னை பக்கத்துல முடிச்சூர்ல எங்க தெரு மாட்டுச் சாணியில, போன மழைக்கு அப்புறம் ஒரு சின்ன வண்டு கிடைச்சுது. 7 மி.மீ. நீளம், செம்பு கலந்த பச்சை மினுமினுப்பு. ஆணுக்குத் தலையில வளைஞ்ச ரெண்டு கொம்பு, பெண்ணுக்கு வெறும் மேடு. உணர்கொம்பு நுனி விசிறி மாதிரி விரியுது, அதனால ஸ்கேரப் குடும்பம்தான். ஆன்தோஃபேகஸ் பேரினமா இருக்கலாம். அதுல உலகம் முழுக்க 2,000 இனத்துக்கு மேல இருக்கு, அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஆரோ (Arrow) என்கிற பூச்சியியலாளர் 1931-ல இந்தியப் பகுதி சாணி வண்டுகளைப் பத்தி எழுதின தொகுதியை வச்சுப் பார்த்தேன், அடையாளம் பாதியில நிக்குது.

புது இனம்னு குதிக்கலை. புழுவா இருந்தப்ப கிடைச்ச தீனியைப் பொறுத்து ஒரே இனத்துலயே கொம்பு பெருசாவும் சிறுசாவும் வரும். இனத்துக்கு இனம் வித்தியாசம் நல்லாத் தெரியறது ஆண் வண்டோட பிறப்புறுப்புலதான், அதைப் பிரிச்சுப் பார்க்காம எதுவும் சொல்ல முடியாது.

கேமரா வச்ச ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் ஒரு நாளைக்குக் கிடைக்குமா? பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல (தசையைக் கரைக்கிற காரம்) ஊறவச்சு அந்த உறுப்பை எடுத்துப் பழகினவங்க யாராவது பக்கத்துல இருக்கீங்களா? என்கிட்ட இருக்கிறது நாலே ஆண், கெடுத்துடக்கூடாது. சாந்தோம் நெடுஞ்சாலையில இருக்கிற இந்திய விலங்கியல் ஆய்வகத் தொகுப்போட ஒப்பிட எப்படி அனுமதி கேட்கணும்னும் சொல்லுங்க.

கொஞ்சம் சீக்கிரம். டப்பா ஃபிரிட்ஜ்ல, தயிருக்குப் பக்கத்துல இருக்கு. அம்மா இன்னும் திறந்து பார்க்கலை.