மாஸியும் ஃபெர்குசனும் ஒண்ணானதுல நம்ம 1035-க்கு என்ன கிடைச்சுது?

வீராணத்தான் (காட்டுமன்னார்கோயில்):

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல அப்பா காலத்து மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் ஓடுது. சம்பாவுக்கு கேஜ் வீல்ங்கற இரும்புச் சக்கரம் மாட்டி சேத்துல சேடை ஓட்டுறது, மேட்டுக்கொல்லையில ஒன்பது கொத்துக் கலப்பை போடுறது எல்லாம் அதுலதான். இப்ப ரெண்டாவதா ஒரு வண்டி எடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. பெரியப்பா பையன் "மாஸி வேணாம்டா, வெளிநாட்டுக்காரனுக்கும் இங்க உள்ளவங்களுக்கும் சண்டை, பேரே போயிடும்"னு பயமுறுத்துறான். அப்பா வேற கதை சொல்றாரு. "மாஸி ஒருத்தன், ஃபெர்குசன் ஒருத்தன். கலப்பையைத் தூக்குற லிஃப்ட் ஃபெர்குசனோடது, மத்ததெல்லாம் மாஸிக்காரன் போட்டது"ங்கறாரு.

அப்பா சொல்றது நெசமா? ரெண்டு கம்பெனி சேர்ந்ததால வண்டி நல்லாச்சா, கெட்டுச்சா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. ரோட்டுல எது வேகமா போகும், எதுல மைலேஜ் அதிகம்கிற சண்டை இங்க வேணாம், ப்ளீஸ்.

---

விருத்தாசலம் பட்டறை:

தம்பி, அப்பா சொன்னதுல முக்கால்வாசி சரி. லிஃப்ட் ஃபெர்குசனோடதுதான். ஆனா மத்ததெல்லாம் மாஸிக்காரன் போட்டதுன்னா, இல்ல. கிளட்ச் வேலைக்காக என் பட்டறையில 1035-ஐ நடுவுல பிரிச்சு வச்சிருக்கும்போது வந்து பாருங்க. முன்பாதி என்ஜின், பின்பாதி கியர்பாக்ஸும் லிஃப்டும். ரெண்டுக்கும் பூர்வீகம் வேற வேற. அதுல மாஸிக்காரன் வரைஞ்சதுன்னு கை வச்சுக் காட்ட ஒண்ணும் பெருசா இருக்காது.

மாஸி-ஹாரிஸ் கனடா கம்பெனி. அதுவே 1891ல மாஸியும் ஹாரிஸும் சேர்ந்து உண்டானதுதான். அவங்க பலம் அறுவடை மெஷின். 1944ல போர் நடக்கும்போது, தானா ஓடுற கம்பைன் அறுவடை மெஷின் 500 எண்ணம் செஞ்சு, அமெரிக்காவுல தெற்கேருந்து வடக்கு வரைக்கும் கோதுமை அறுத்துக்கிட்டே போகவிட்டாங்க. டிராக்டரும் செஞ்சாங்க, ஆனா கம்பைனுக்கு இருந்த பேரு அதுக்கு இல்ல.

ஹாரி ஃபெர்குசன் அயர்லாந்துக்காரர். அவர் கையில இருந்த சரக்கு ஒண்ணே ஒண்ணு: பின்னாடி மூணு முனையில கலப்பையை மாட்டி, ஹைட்ராலிக்ல தூக்குறதும், உழும்போது ஆழத்தை வண்டியே பார்த்துக்கறதும். 1938ல ஹென்றி ஃபோர்டோட கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார். எழுத்து கிடையாது. (நம்ம ஊர்ல வாய்க்கா வரப்புக்குக்கூட பத்திரம் கேப்பாங்க!) அது முறிஞ்சு கோர்ட்டுக்குப் போய், 1952ல 92.5 லட்சம் டாலர் வாங்கிட்டுத்தான் முடிஞ்சுது. இந்தப் பக்கம் இங்கிலாந்துல கவென்ட்ரியில ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அவருக்காக சாம்பல் கலர் டிஇ-20 செஞ்சு குடுத்துட்டிருந்துது. 1946லேருந்து 1956 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல. ஆனா அந்த ஃபேக்டரி ஸ்டாண்டர்டு கையில. ஃபெர்குசன்கிட்ட கம்பைனும் கிடையாது.

ஒருத்தன்கிட்ட அறுவடை மெஷின், ஒருத்தன்கிட்ட உழவு. 1953ல சேர்ந்தாங்க. ஃபெர்குசன் கம்பெனிக்கு விலை 1.6 கோடி டாலரா, 1.7 கோடி டாலரான்னு இழுத்து, கடைசியில அந்த 10 லட்சத்துக்கு நாணயம் சுண்டிப் பார்த்தாங்களாம். தோத்தவர் ஃபெர்குசன். அடுத்த வருஷமே கம்பெனியை விட்டு வெளிய வந்துட்டார்.

சேர்ந்த கையோட வண்டி நல்லாச்சான்னா, இல்ல. மொதல்ல சில வருஷம் அசட்டுத்தனம்தான். மாஸி டீலரும் ஃபெர்குசன் டீலரும் தனித்தனியாவே இருந்தாங்க, ஒருத்தன் வண்டியை இன்னொருத்தன் விக்க மாட்டான். அதனால அமெரிக்காவுல ஒரே வண்டிக்கு ரெண்டு சட்டை தைச்சுப் போட்டாங்க. மாஸி-ஹாரிஸ் 50ன்னு ஒண்ணு, ஃபெர்குசன் 40ன்னு ஒண்ணு. பானெட்டும் பெயின்ட்டும் வேற, உள்ள ஒண்ணு. அதுக்காக தகடு அடிக்க ரெண்டு டை, ரெண்டு புஸ்தகம், ரெண்டு ஸ்பேர் நம்பர்! இது கட்டுப்படியாகாதுன்னு புரிஞ்சு 1957-58 வாக்குலதான் ஒரே பேரு, ஒரே சிவப்பு-சாம்பல் கலர்னு கொண்டுவந்தாங்க. பேர்லேருந்து ஹாரிஸ் காணாமப் போனதும் அப்பதான்.

நடுவுல ஒரு வண்டி செத்துப் போச்சு. எல்டிஎக்ஸ்னு ஒரு பெரிய டிராக்டரை ஃபெர்குசன் ஆளுங்க சோதனை ஓட்டம் வரைக்கும் கொண்டுவந்திருந்தாங்க. சேர்ந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அந்த இடத்துக்கு வந்தது 65ங்கற மாடல். மெர்ஜர்னா இதுவும் நடக்கும்.

இப்ப உங்க வண்டிக்கு வர்றேன். 1035-ஓட தாத்தா 35ங்கற மாடல். பழைய டிஇ-20-ல கிளட்சை மிதிச்சா வண்டி மட்டும் இல்ல, பி.டி.ஓ-வும் (பின்னாடி மாட்டுற மெஷினைச் சுத்துற ஷாஃப்ட்) நிக்கும், லிஃப்ட் பம்பும் நிக்கும். ஏன்னா பம்பு பின் ஹவுசிங் ஆயிலுக்குள்ள முங்கி இருக்கும், அதைச் சுத்தறது பி.டி.ஓ ஷாஃப்ட்தான். 35-ல டூயல் கிளட்ச் வந்துது. பாதி மிதிச்சா வண்டி நிக்கும், பி.டி.ஓ சுத்தும். முழுசா மிதிச்சாத்தான் எல்லாம் நிக்கும். லிவரும் ஒண்ணுக்கு ரெண்டாச்சு, ஆழத்துக்கு ஒண்ணு, உயரத்துக்கு ஒண்ணு. ரொட்டவேட்டர் ஓட்டறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். வரப்பு ஓரம் திரும்பும்போது கத்தி நின்னு போச்சுன்னா சேறு கட்டிக்கும்.

என்ஜின் கதை 1959ல. 35-ல மொதல்ல வந்த ஸ்டாண்டர்ட் 4 சிலிண்டர் டீசல், குளிருல ஸ்டார்ட் ஆகாம உயிரை வாங்கும். அந்த வருஷம் மாஸி ஃபெர்குசன் ரெண்டு காரியம் செஞ்சுது. கவென்ட்ரி டிராக்டர் ஃபேக்டரியை ஸ்டாண்டர்டுகிட்டேருந்து வாங்கிட்டாங்க, பெர்கின்ஸ் என்ஜின் கம்பெனியையும் வாங்கிட்டாங்க. உடனே 35-க்கு பெர்கின்ஸ் 3 சிலிண்டர், 152 கன அங்குலம், வந்து உக்காந்துது. ஃபெர்குசன் தனியாவே இருந்திருந்தா இந்த ரெண்டையும் வாங்குற பணம் அவர்கிட்ட இருந்திருக்காதுங்கறது என் கணிப்பு. மாஸிக்காரன் குடுத்தது பணமும், ஊர் ஊரா இருந்த டீலர் கடையும். உங்கப்பா கேட்டா இதைச் சொல்லுங்க.

நம்மூருக்கு வந்த வழியும் அதான். மெட்ராஸ்ல சிம்சன் 50-கள்லயே பெர்கின்ஸ் லைசென்ஸ்ல டீசல் என்ஜின் செஞ்சுட்டிருந்தாங்க. அதே அமால்கமேஷன்ஸ் குரூப்லதான் 1960ல இங்க மாஸி டிராக்டர் செய்யற டாஃபே ஆரம்பிச்சது, மாஸி ஃபெர்குசன் கூட்டுல. மெட்ராஸ் செம்பியத்துல என்ஜினும் டிராக்டரும் பக்கத்துப் பக்கத்துல. 3 சிலிண்டர் சிம்சன் என்ஜின் பார்ட்ஸ் விருத்தாசலத்துலயும் பண்ருட்டியிலயும் எந்தக் கடையிலயும் கிடைக்குதுன்னா, அதோட வேர் அங்க இருக்கு.

---

கெடிலம் கரை (நெல்லிக்குப்பம்):

பட்டறை அண்ணன் சொன்னது சரி. ஆனா மெர்ஜர்னா நல்லதுன்னு ஒரு வாசனை வருது. அதான் இடிக்குது. சேர்ந்தா ஒரு பேரு சாகும், அதான் வழக்கம். அமெரிக்காவுல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் எவ்வளவு பெரிய கம்பெனி? 80-கள் நடுவுல விவசாயப் பிரிவை டென்னெகோங்கற கம்பெனிக்கு வித்தாங்க, அது அவங்ககிட்ட இருந்த கேஸ் (Case) டிராக்டர் கம்பெனிகூட கலந்து போச்சு. நம்ம மஹிந்திரா டிராக்டரே 1963ல அந்த ஹார்வெஸ்டர் கூட்டுல ஆரம்பிச்சதுதான். மொதல்ல வந்த பி-275 அவங்க வண்டி. மூலக் கம்பெனி போச்சு, வாரிசு இங்க நம்பர் ஒன்னா இருக்கு.

எங்க வீட்டுல கரும்பு லோடுக்கு ஸ்வராஜ். மில் கேட்டுல ராத்திரி வரிசையில நிக்கும்போது பார்த்தீங்கன்னா பாதி வண்டி அதான். 2007ல ஸ்வராஜ் செஞ்ச பஞ்சாப் டிராக்டர்ஸை மஹிந்திரா வாங்கினப்ப, இனி ஸ்வராஜ் அவ்வளவுதான், சிவப்பு பெயின்ட் அடிச்சுடுவாங்கன்னு எங்க சித்தப்பா அடிச்சுச் சொன்னாரு. அடிக்கல. ரெண்டு கம்பெனியையும் முழுசா இணைச்சப்புறமும் பேரு, டீலர் எல்லாம் தனி. துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்துல நம்ம நாட்டு இன்ஜினியருங்க வரைஞ்ச வண்டி, 1974லேருந்து வருது, அதைக் கொல்ல மனசு வரலையோ, கணக்கு வரலையோ.

---

பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி):

ஐஷரை விட்டுட்டீங்களே! எங்க தாத்தா வச்சிருந்தது ஐஷர், ஏர்கூல் என்ஜின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணி ஊத்துற வேலையே இல்ல. தூரத்துல வரும்போதே சத்தத்துல அடையாளம் தெரியும். 1959ல ஃபரிதாபாத்ல மொத டிராக்டர் வெளிய விட்டது அவங்க. 2005ல டாஃபே வாங்குச்சு. ஜெர்மனியில இருந்த மூல ஐஷர் கம்பெனியிலயும் 1970ல மாஸி ஃபெர்குசன் பங்கு வாங்கியிருக்கான். ஆக, அங்கயும் இங்கயும் கடைசியில மாஸி வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கு. ஐஷர் பேர்ல இன்னும் வண்டி வருது, அது வரைக்கும் சந்தோஷம்.

பட்டறை அண்ணா, ஒரு சந்தேகம். அந்த ஆழத்து லிவர்னு சொன்னீங்களே, எங்க பக்கம் அதை யாரும் தொடுறதே இல்ல. நிஜமாவே வேலை செய்யுதா அது?

---

விருத்தாசலம் பட்டறை:

கெடிலம் தம்பிக்கு: மெர்ஜர் நல்லதுன்னு நான் சொல்லல. எல்டிஎக்ஸ் செத்ததை நானே சொன்னேனே. 35 நல்லா அமைஞ்சுது, அவ்வளவுதான். ரெண்டு டீலரையும் மனசு நோகாம வச்சுக்கப் போய் பணத்தைக் கரியாக்குனதும் அதே ஆளுங்கதான்.

பாகூர் தம்பிக்கு: வேலை செய்யும். ஃபெர்குசன் கோர்ட் வரைக்கும் போனது அந்தச் சங்கதிக்காகத்தான். டாப் லிங்க், அதான் கலப்பையோட மேல் முனையை வண்டியோட சேர்க்குற கம்பி, வண்டியில எங்க மாட்டுதுன்னு பாருங்க. நேரா இரும்புல மாட்டாது, உள்ள ஒரு கனமான ஸ்பிரிங் இருக்கும். மண்ணு இறுகலா வந்தா கலப்பை பின்னாடி இழுக்கும், டாப் லிங்க் முன்னாடி தள்ளும், ஸ்பிரிங் அமுங்கும். அமுங்குனது உள்ள பம்போட வால்வை அசைக்கும். லிஃப்ட் ரெண்டு விரக்கடை தூக்கும். இழுவை குறைஞ்சதும் திரும்ப இறக்கும். தூக்கும்போது கலப்பை பாரம் பின்சக்கரத்துல ஏறுதா, சக்கரம் வழுக்காது. டிஇ-20 மாதிரி சின்ன வண்டி பெரிய வண்டியோட வேலையைச் செஞ்சது அதனாலதான்.

உங்க பக்கம் தொடாததுக்குக் காரணம் சேடை. தண்ணி கட்டுன வயல்ல கேஜ் வீல் போட்டு ஓட்டும்போது டாப் லிங்கை அமுக்குற அளவுக்கு மண்ணுக்கு வலு இல்ல. அங்க உயர லிவர்தான். ரொட்டவேட்டருக்கும் அதான், ரொட்டவேட்டர் முன்னாடி தள்ளுமே தவிர இழுக்காது. எங்க பக்கம் முந்திரிக்கொல்லைச் செம்மண்ணுல, கோடை மழைக்குப் பிறகு கொக்கிக் கலப்பை போடறவங்க ஆழத்து லிவரைப் பிடிச்சா டயருக்கும் நல்லது, டீசலுக்கும் நல்லது. பிரச்சினை என்னன்னா, பழைய வண்டி பாதியில அந்த ஸ்பிரிங் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும். டாப் லிங்க் மாட்டுற இடத்துல ரப்பர் உறை கிழிஞ்சு சேறு உள்ள போயிருக்கும். அதை யாரும் பார்க்கறதில்ல.

---

வீராணத்தான்:

அண்ணே, ரொம்ப நன்றி. அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், "பெர்கின்ஸை நான் சொல்ல விட்டுட்டேன்"னு சமாளிக்கிறாரு. அந்தச் சண்டை விஷயம் மட்டும் சொல்லிடுங்க. பேரு போயிடுமா? ஸ்பேர்?

---

விருத்தாசலம் பட்டறை:

போகாது. 1994ல மாஸி ஃபெர்குசனை அமெரிக்கா ஆக்கோ கம்பெனி வாங்குச்சு. ஆக்கோவுக்கு டாஃபேயில பங்கு இருந்துது, டாஃபேக்கு ஆக்கோவுல பங்கு. 2024ல பேரை உபயோகிக்கக் கூடாதுன்னு ஆக்கோ சொல்ல, கோர்ட்டுக்குப் போச்சு. 2025 நடுவுல சமரசம். இந்தியா, நேபாளம், பூட்டான் மூணு நாட்டுலயும் மாஸி ஃபெர்குசன் பேரு இனி டாஃபேக்கே சொந்தம். டாஃபேயில ஆக்கோவுக்கு இருந்த பங்கை 26 கோடி டாலருக்கு டாஃபேயே திருப்பி வாங்கிக்கிச்சு. உங்க பெரியப்பா பையன் பழைய பேப்பரைப் படிச்சுட்டுப் பேசறார்.

புது வண்டி எடுங்க, எடுக்காம போங்க, அது உங்க வசதி. பழசை வித்துடாதீங்க. கார்த்திகை மழை விட்டு வண்டி சும்மா நிக்கும்போது ஒரு நாள் கொண்டாங்க. டாப் லிங்கைக் கழட்டிட்டு, அது மாட்டுற கட்டையைக் கடப்பாரையால நெம்பிப் பார்த்தா ஸ்பிரிங் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுடும். வரும்போது ஒன்பது கொத்தையும் மாட்டிக்கிட்டு வாங்க, பக்கத்துக் கொல்லையில ஓட்டிப் பார்த்துடலாம்.