கொப்பியில் அழகான எழுத்து, வாசிக்கச் சொன்னால் மௌனம்: தரம் 3இல் எங்கிருந்து தொடங்குவது?

பயிலுநர் ஆசிரியை (மஸ்கெலியா) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி நெறியை இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக் கட்டுறுபயில்வுக்காக (பாடசாலையில் கற்பித்துப் பெறும் பயிற்சிக்காக) மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தது தரம் 3. பிள்ளைகள் 31 பேர்.

முதல் இரண்டு வாரங்களும் இவர்களுடைய கொப்பிகளைப் பார்த்துப் பூரித்துப்போனேன். திகதி, தலைப்பு, அடிக்கோடு எல்லாம் ஒழுங்காக இருந்தன. என் கையெழுத்தைவிட அவர்களுடையது நன்றாக இருந்தது என்றே சொல்லலாம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை பெய்யத் தொடங்கிய மழை விடவேயில்லை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் முன்வரிசைப் பிள்ளைக்குக்கூட என் குரல் எட்டவில்லை. ஆகவே பேசுவதை விட்டுவிட்டு, "உங்களுக்குப் பிடித்த பழத்தின் படத்தை வரையுங்கள்" என்று கரும்பலகையில் எழுதினேன். பெரும்பாலானோர் வரையத் தொடங்கினார்கள். ஒன்பது பேர் மட்டும் அந்த வசனத்தை அப்படியே கொப்பியில் எழுதி, அடிக்கோடிட்டு, திருத்துவதற்காக என்னிடம் நீட்டினார்கள். அவர்களில் ஒருவன் அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

மறுநாள் அந்த ஒன்பது பேரையும் தனித்தனியே அழைத்து வாசிக்கச் சொன்னேன். பாடநூலின் பக்கங்களைச் சிலர் தடையின்றிச் சொன்னார்கள். படத்தை என் கையால் மறைத்தவுடன் குரல் நின்றுவிட்டது. மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை. "கொ" என்ற எழுத்தைக் காட்டினால் ஒருத்தி "கெ" என்கிறாள், இன்னொருத்தி "கா" என்கிறாள்.

இன்னொரு சம்பவமும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. வீட்டைப் பற்றிப் பேசும்போது அதே ஒன்பது பேரில் ஒரு சிறுமி, "எங்கம்மா கொழுந்துக்குப் போயிருச்சி" என்றாள். "அம்மா கொழுந்து பறிக்கச் சென்றிருக்கிறார்" என்று திருத்தி, திரும்பச் சொல்லும்படி கேட்டேன். சொன்னாள். ஆனால் அன்று பாடசாலை விடும்வரை அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

வகுப்பாசிரியை நல்லவர், ஆனால் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்ப்பவர் என்பதால், தவணைப் பரீட்சைக்கு முன்னர் பாடப் பரப்பை முடித்துவிட வேண்டும் என்கிறார். விரிவுரையாளரும் விரைவில் மதிப்பீட்டுக்கு வரவிருக்கிறார். இந்த ஒன்பது பேருடன் எங்கிருந்து தொடங்குவது, மற்றவர்கள் முன்னிலையில் அவர்கள் கூனிக்குறுகாமல் அதை எவ்வாறு செய்வது, வீட்டில் பேசும் தமிழை வகுப்பில் திருத்தலாமா கூடாதா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் (தலவாக்கலை) எழுதியது:

மகள், மழையின் புண்ணியத்தால் மூன்றாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். இதே நிலையைத் தரம் 5இல், புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது கண்டுபிடித்துத் திகைத்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாடத்தைத் தொடுவதற்கு முன்னர் கண்ணையும் காதையும் பாருங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாகத் தரம் 1இலும் தரம் 4இலும் நடைபெறுவதால், இடையிலுள்ள தரம் 3 பிள்ளையின் குறை எவர் கண்ணிலும் படாமல் போகக்கூடும். பிள்ளையின் பின்னால் சில அடி தள்ளி நின்று "பூனை", "மாடு" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கரும்பலகையைவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறவர் யார் என்பதையும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் அதிபரிடம் சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக அனுப்பலாம்.

பார்த்தெழுதும் பழக்கத்துக்காகப் பிள்ளைகளை நோக வேண்டாம். 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. தடுப்புச் சுவர் இல்லாத ஒரு நீண்ட மண்டபம், அதில் ஒரே ஆசிரியர், எதிரே பல வகுப்புகள் என்பதே பல இடங்களில் நிலைமை. அப்படிப்பட்ட மண்டபத்தில் ஒரு வகுப்பை வாசிக்க வைப்பதற்கு மற்ற வகுப்பு மௌனமாக இருந்தாக வேண்டும். மௌனமாக வைத்திருப்பதற்கு எளிய வழி "இதைப் பார்த்து எழுதுங்கள்" என்பதுதான். கட்டடங்கள் மாறிய பின்பும் அந்த வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. நானும் அப்படிக் கற்பித்தவன்தான்.

அடுத்து, ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். தனி எழுத்து, இரண்டு மூன்று எழுத்துச் சொல், சிறு வசனம், நான்கு வரிப் பந்தி என்ற வரிசையில், படமே இல்லாத தாளில் எழுதிக் காட்டுங்கள். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் நிற்கமாட்டார்கள்.

எழுத்தே தெரியாதவர்களுக்கு அ, ஆ என்று மீண்டும் முதலிலிருந்து போகாதீர்கள்; இரண்டு ஆண்டுகளாக அந்த வரிசையில்தான் அவர்கள் தோற்றிருக்கிறார்கள். ப, ட, ம என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வடிவம் எளிது, புள்ளியைச் சேர்த்தவுடன் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் வந்துவிடும். மூன்று எழுத்தைக் கற்ற அன்றே நான்கு சொற்களை வாசித்த பிள்ளை மறுநாள் தானாக உங்களிடம் வரும். அதன் பிறகு அரவை, அதாவது "ா" குறியைச் சேர்த்தால் பாடம், மாடம்.

"கொ" என்பதைக் "கெ" என்று வாசிக்கும் பிள்ளை கவனக்குறைவாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். நமது எழுத்தில் க என்ற ஒலி முதலில் கேட்கிறது. ஆனால் கண்ணுக்கு முதலில் படுவது இடப்பக்கக் கொம்பு. அந்தச் சிறுமி கொம்பையும் க-வையும் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கும் அரவைப் பார்க்காமல் நின்றுவிடுகிறாள். "கா" என்று சொல்பவளோ கொம்பைத் தாண்டிவிடுகிறாள். இரண்டு பேரும் பாதி சரியாகத்தான் வாசிக்கிறார்கள். ஆகையால் வலப்பக்கம் வரும் "ா" குறியை முதலிலும், மேலே சுழியும் "ி", "ீ" குறிகளை அடுத்தும் கற்பியுங்கள். "கு, சு, து" என்று எழுத்துக்கு எழுத்து உருமாறும் உகரத்துக்கு நிறைய நாட்கள் ஒதுக்குங்கள். கொம்புகள் அதற்குப் பிறகு வரட்டும். இருபுறமும் சூழ்ந்து நிற்கும் "ொ", "ோ" கடைசியாக வரட்டும். பழைய பிறிஸ்டல் மட்டையில் எழுத்தைத் தனியாகவும் குறிகளைத் தனியாகவும் வெட்டிக் கொடுத்து, பிள்ளையின் கையாலேயே சேர்க்க விடுங்கள்.

பேச்சுத் தமிழைப் பற்றிய என் கருத்து சிலருக்குக் கசக்கலாம். பாடநூலும் பரீட்சை வினாத்தாளும் எழுத்துத் தமிழில்தான் இருக்கின்றன. தரம் 3இலேயே திருத்தாவிட்டால் பின்னர் சிரமப்படப்போவது பிள்ளைதான்.

தரம் 2, 3 கூட்டு வகுப்பு ஆசிரியர் (ராகலை) எழுதியது:

நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றுக்கும் தரம் 3, 4இல் ஏறத்தாழச் சம இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் நமது கலைத்திட்டம் சொல்கிறது. நடைமுறையில் எழுத்துவேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ஆகவே எழுத்தட்டை விளையாட்டுக்கு நீங்கள் செலவிடும் நேரம் பாடத்திலிருந்து திருடிய நேரம் அல்ல. காலையில் இருபத்திரண்டு பேருக்குச் சோடிகளாகச் செய்யும் வேலையொன்றைக் கொடுத்துவிட்டு, ஒன்பது பேருடன் இருபது நிமிடம் இருங்கள். பாடக்குறிப்பில் "பரிகாரக் கற்பித்தல்" என்று வெளிப்படையாக எழுதிவையுங்கள். விரிவுரையாளர் வரும்போது ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

நான் செய்த தவறை நீங்கள் செய்யவேண்டாம். என் முதலாவது ஆண்டில் வகுப்பை முயல், மான், ஆமை என்று மூன்று குழுக்களாகப் பிரித்தேன். நல்ல நோக்கத்தோடுதான் பெயர் வைத்தேன். இரண்டாம் நாளே இடைவேளையில் "ஏய் ஆமை" என்ற கூச்சல் கேட்டது. அந்தப் பெயர் ஒரு பையனுக்கு ஆண்டு முடியும்வரை ஒட்டிக்கொண்டது. ஆகவே குழுவுக்குப் பெயரே வேண்டாம். நன்றாக வாசிக்கும் இரண்டு பேரையும் நாளுக்கு நாள் மாற்றி அந்த இருபது நிமிடத்தில் சேர்த்துக்கொண்டால், அது எந்தக் குழு என்று எவருக்கும் தெரியாது.

லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) வளர்ந்தவர் (பொகவந்தலாவை) எழுதியது:

நான் ஆசிரியர் அல்லன். ஆனாலும் அந்தச் சிறுமியைப் பற்றி வாசித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆலோசகர் ஐயா சொல்வது பரீட்சையைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம். ஆனால் "அம்மா போயிருச்சி" என்பது மரியாதைக் குறைவான பேச்சு அல்ல. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து எங்கள் முன்னோர் கொண்டுவந்த பேச்சு அது. எங்கள் லயத்தில் மிக நெருக்கமானவர்களைத்தான் அப்படிச் சொல்வோம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் பற்றிப் பேசும்போது எவரும் "துரை வந்துருச்சி" என்று சொல்லமாட்டார்கள். "சென்றிருக்கிறார்" என்றவுடன் அந்தப் பிள்ளைக்கு அது யாரோ ஒரு உத்தியோகத்தரின் அம்மாவாகத் தோன்றியிருக்கும். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஓடி, மழையில் படங்குச் சீலையைக் கட்டிக்கொண்டு மலையில் நிற்கும் தன் அம்மாவாகத் தோன்றியிருக்காது.

நான் படித்தபோது பாடநூலில் "புகையிரதம்" என்று இருந்தது. ஹட்டனில் நான் பார்த்த ரயிலுக்கு எங்கள் பேச்சில் கோச்சி என்று பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. புகையிரதம் என்பது கொழும்பில் மட்டும் ஓடும் ஏதோ ஒரு வாகனம் என்று நெடுநாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோச்சியைப் பறித்துவிட்டுப் புகையிரதத்தைக் கொடுக்காமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் எழுதியது:

தம்பி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். துரை உதாரணம் என்னை மடக்கிவிட்டது. என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பேசும்போது திருத்த வேண்டாம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுதி, அதன் கீழே "புத்தகத்தில் இதை இப்படி எழுதுவார்கள்" என்று எழுதிக் காட்டலாம். ஒரு நன்மையும் உண்டு: தன் வாயிலிருந்து வந்த வசனம் என்பதால் பொருள் முன்னமே தெரியும், பிள்ளை எழுத்தை மட்டும் தேடினால் போதும். ஆனால் மனப்பாடமாக ஒப்புவிக்கும் வழக்கம் இவர்களுக்கு இருப்பதால், வசனத்தைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப்போட்டு மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள். "பழம்" என்பதைப் "பளம்" என்று எழுதினால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ழகரத்துக்குக் காலம் இருக்கிறது.

பயிலுநர் ஆசிரியை எழுதியது (ஐந்து வாரங்களின் பின்னர்):

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது பேரில் ஒருவனுக்குப் பார்வைதான் பிரச்சினை. மூன்றாம் வரிசையிலிருந்து அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை; பக்கத்திலிருப்பவனைப் பார்த்தே இவ்வளவு காலமும் அழகாக எழுதியிருக்கிறான். முன்வரிசைக்கு மாற்றியிருக்கிறேன், அதிபர் கடிதம் கொடுத்திருக்கிறார், கண்ணாடி இன்னும் வரவில்லை.

"எங்கம்மா கொழுந்துக்குப் போயிருச்சி" என்ற வசனத்தை அந்தச் சிறுமியின் பெயரோடு தாளில் எழுதி, சொற்களை வெட்டிக் கொடுத்தேன். முதல் நாள் "போயிருச்சி எங்கம்மா கொழுந்துக்கு" என்று அடுக்கிவிட்டு, அதுவும் சரிதானே என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் சரிதான். புத்தக வசனத்தை அடுத்த வாரம் கீழே ஒட்டினேன். "சென்றிருக்கிறார்" என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து முடித்ததும், "இதும் எங்கம்மாதான்" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னாள்.

விரிவுரையாளர் வந்த அன்று, பாடநூலில் அந்த வாரத்துக்குரிய பக்கம் எங்கே என்று கேட்டார். பரிகாரக் குறிப்பைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கில் ஒரு பையனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, எழுத்தட்டைகளைத் தானே எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். புள்ளி எவ்வளவு என்று இன்னும் தெரியாது. வகுப்பாசிரியைக்கு நாங்கள் இரண்டு பக்கங்கள் பின்தங்கியிருப்பதில் வருத்தம் இருக்கிறது. அதை நான் தீர்க்கவில்லை.

நேற்று மீண்டும் கனத்த மழை பெய்தது. "கொப்பியை மூடிவிட்டு யன்னலுக்கு வெளியே பாருங்கள்" என்று கரும்பலகையில் எழுதினேன். அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் உடனே கொப்பியை மூடினார்கள். மேலும் நான்கு பேர் மற்றவர்களைப் பார்த்துவிட்டு மூடினார்கள். அவர்கள் வாசித்தார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. எஞ்சிய ஒருவன் அடிமட்டத்தை எடுத்துச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் ப, ட, ம கைவந்துவிட்டது. பட்டம் என்று தானே வாசிக்கிறான். ஆனால் கரும்பலகை என்றாலே எழுதுவதற்கானது என்று அவனுடைய கை பழகிவிட்டது. இதை எப்படி மாற்றுவது?

ராகலை ஆசிரியர் எழுதியது:

கரும்பலகையை அவனுக்குச் சில நாட்கள் காட்டாதீர்கள். துண்டுத் தாளில் அவனுக்கு மட்டும் ஒரு வேலையை எழுதி மடித்துக் கொடுங்கள். அவனுக்குத் தெரிந்த எழுத்துகளை வைத்து, "மாடம்" படத்தைத் தொடு, "பட்டம்" படத்தைக் கொண்டு வா என்பது போன்ற வேலைகளாக இருக்கட்டும். கொப்பியும் பென்சிலும் அந்த நேரம் பைக்குள் இருக்க வேண்டும். மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிய நால்வருக்கும் அதே முறைதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வேலையை எழுதுங்கள். அப்போது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்ய முடியாது என்பதால், வாசித்தவர் யார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.