பைரின் புரதத்துக்குத் தமிழ்ப்பெயர்: ‘காய்ச்சற்புரதம்’ சரியா?

அய்யா, வணக்கம்.

வெள்ளணுக்களில் இருக்கும் பைரின் (pyrin) என்ற புரதத்துக்கு நீங்கள் வைத்த ‘காய்ச்சற்புரதம்’ என்ற தமிழ்ப்பெயரை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மூலப்பெயருக்கு அது பொருந்துகிறது. கிரேக்கத்தில் ‘பைர்’ என்றால் நெருப்பு, காய்ச்சலுக்கான சொல்லும் அதில் பிறந்ததுதான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. 1997-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்தன. இரண்டும் மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல் என்ற பரம்பரை நோயைத் துரத்திப் போய்த்தான் அதை எட்டின. ஒரு குழு நெருப்பின் பெயரை வைத்தது, மற்றது ‘நம் கடல்’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து மாரெனோஸ்ட்ரின் என்றது. நோயைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. நோயில்லாதவர் உடம்பில் இந்தப் புரதம் செய்கிற வேலை காவல்.

எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றுகிற மாதங்களில் இரவெல்லாம் பரண்மேல் ஆள் இருப்பார்கள். இருட்டில் யானை கண்ணுக்குத் தெரியாது, வேலி முறிகிற சத்தம்தான் கேட்கும். உடனே கூச்சல், பட்டாசு. பைரினும் கிருமியை நேரே பார்ப்பதில்லை. சில பாக்டீரியாக்களின் நச்சு வெள்ளணுவுக்குள் இருக்கும் ரோ-ஏ என்ற புரதத்தை முடக்குகிறது. ரோ-ஏ ஓடிக்கொண்டிருந்தவரை கட்டுண்டு கிடந்த பைரின் அப்போது அவிழ்கிறது. காஸ்பேஸ்-1 என்ற நொதி விழிக்கிறது, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சித் தூது வெளியேறுகிறது, அழற்சி தொடங்குகிறது. ரோ-ஏ முடங்குவதைப் பைரின் உணர்கிறது என்று பெய்ஜிங் ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். மரபணுவில் பிழை இருப்பவருக்கு வேலி முறியாமலே கூச்சல் எழுகிறது. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் வயிற்றுவலியுமாகப் படுத்துகிறது.

அதனால் நான் முன்வைப்பது ‘அழற்காவலி’. அழல் என்றால் நெருப்பு, ஆக பைரும் உள்ளே வந்துவிடுகிறது. நாம் புழங்கும் அழற்சியோடும் வேர் ஒன்று.

தருமபுரி அக்கா ‘பைரின் களம்’ (pyrin domain, புரதத்தின் ஒரு பகுதி) பற்றிக் கேட்டிருந்தார். அந்தக் களம் என்எல்ஆர்பி3 போன்ற வேறு புரதங்களிலும் இருப்பதால் அங்கே ‘காவலி’ குழப்பும். ‘அழற்களம்’ போதும்.

அப்புறம், மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சலுக்கு 1970-களிலிருந்து கொடுத்துவரும் கொல்கிசின் என்ற மருந்து நம் வேலியோரத்துச் செங்காந்தளிலும் இருக்கிறது. சொல் விளக்கத்தில் அதைச் சேர்த்தால் பிள்ளைகள் மனத்தில் நிற்கும். கிழங்கு கடும் நஞ்சு என்பதையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும்.